கோழிக்குஞ்சு ரத்தத்துக்கு மூன்று ஜாடி ஸ்டெயின் கிட்: வாங்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோழிக்குஞ்சு ரத்த ஸ்மியர் (ஸ்லைடில் மெல்லிதாக இழுத்த ரத்தப் படலம்) பார்ப்பவர்களுக்கு இந்த மூன்று ஜாடி துரித ஸ்டெயின் (சாயம்) கிட் உபயோகமான சாமான்தான், வாங்கலாம். ஆனால் பெட்டிக்குள் வரும் குறிப்புத் தாளை அப்படியே நம்பி, முட்டையை விட்டு வெளியே வந்து ஓரிரு நாளே ஆன குஞ்சின் ஸ்லைடைப் படித்தால், இருக்கிற நோய் கண்ணில் படாது, இல்லாத நோய் தெரியும். நான் கோழி நோயறி ஆய்வகத்தில் இருப்பவள். மைக்ராஸ்கோப்தான் பிழைப்பு. கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த வகைக் கிட்டுகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே சூத்திரத்தில் வருபவை என்பதால், நீங்கள் எதை வாங்கினாலும் இங்கே எழுதுவது பெரும்பாலும் பொருந்தும்.

பெட்டியில் மூன்று பாட்டில். முதலாவது மெத்தனால், அதாவது செல்களை ஸ்லைடில் ஒட்டிப் பிடிக்க வைக்கும் திரவம். இரண்டாவது சிவப்பு, ஈயோசின். மூன்றாவது நீலம், மெத்திலீன் நீலமும் அசூர் ஏ-யும் கலந்தது. உலர்ந்த ஸ்மியரை வரிசையாக ஒவ்வொன்றிலும் ஐந்து முறை, முறைக்கு ஒரு விநாடி என்று முக்கி எடுத்து, தண்ணீரில் அலசி, காயவைத்தால் முடிந்தது. ஆய்வகங்களில் நிதானமாகப் போடும் ரைட்-கீம்சா ஸ்டெயினுக்கு ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. வாசலில் ஆள் பதிலுக்குக் காத்து நிற்கும்போது இந்த வேகத்தின் அருமை புரியும்.

சரி, இதை வைத்து என்ன பார்க்கிறோம்? குஞ்சின் உடம்புக்குள் பாக்டீரியா நுழைந்தால் முதலில் ஓடிவருவது ஹெட்டிரோஃபில் என்ற வெள்ளை அணு. பாலூட்டிகளில் நியூட்ரோஃபில் செய்கிற வேலையைக் கோழியில் இது செய்கிறது. பாக்டீரியாவின் மேல்பூச்சையோ வாலையோ டிஎல்ஆர் எனப்படும் உணர்விகள் அடையாளம் கண்டதும், குடல் சுவர் செல்களும் கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் அணுக்களும் அழைப்புச் செய்தி அனுப்புகின்றன. கோழியின் ஐஎல்-8 என்று சொல்லப்படும் சிஎக்ஸ்சிஎல்ஐ2 அதில் முக்கியமானது. அந்த அழைப்பைப் பிடித்துக்கொண்டு ஹெட்டிரோஃபில்கள் ரத்தக் குழாயை விட்டு வெளியேறி இடத்துக்கு வந்து சேர்கின்றன. சால்மொனெல்லா என்டெரிடிடிஸ் அல்லது டைஃபிமூரியம் பாக்டீரியா வாய் வழியாகப் போன குஞ்சின் சீக்கம் என்ற குடல் பையில் ஒரு நாளுக்குள்ளேயே இந்தக் கூட்டத்தைப் பார்த்துவிடலாம்.

இந்த கிட்டின் பலமே இங்கேதான் இருக்கிறது. ஹெட்டிரோஃபிலின் உள்ளே கதிர் வடிவில், இரு முனையும் கூர்ந்த துகள்கள் நிறைந்திருக்கும். அவற்றில் இருப்பது பாக்டீரியாவின் சவ்வைத் துளைக்கும் பீட்டா டிஃபென்சின் போன்ற புரதங்களும் லைசோசைமும். இவை நேர்மின் ஏற்றம் கொண்டவை, ஈயோசின் எதிர்மின் சாயம். அதனால் சாயம் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறது. ஸ்லைடில் செங்கல் நிறத்தில் தெரிவது ஏதோ அலங்காரம் இல்லை, அந்த அணுவின் ஆயுதக் கிடங்கே அதுதான். கோழி ஹெட்டிரோஃபிலுக்கு மைலோபெராக்ஸிடேஸ் என்ற நொதி கிடையாது. ஆக்சிஜனிலிருந்து நச்சுப் பொருள்களை உண்டாக்கிக் கொல்லும் திறனும் அதற்குக் குறைவு. கொல்லும் வேலையில் பெரும்பங்கு இந்தத் துகள்களுடையது. சீழ் நீராக வடியாமல் பாலாடைக்கட்டி மாதிரி இறுகிப்போவதற்கும் இந்த நொதிப் பற்றாக்குறையைக் காரணமாகச் சொல்வார்கள். தொப்புள் அழுகிய குஞ்சை அறுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த மஞ்சள் கட்டி நன்றாகத் தெரியும்.

ஆக, சிவப்பு எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்பதை வைத்தே ஆயுதம் இருக்கிறதா, செலவாகிவிட்டதா என்று ஓரளவு சொல்லலாம். கடும் தொற்றில் இருக்கும் குஞ்சின் ஸ்லைடை எண்ணெய் லென்ஸில் வைத்துப் பாருங்கள். ஹெட்டிரோஃபிலின் சைட்டோபிளாசம், அதாவது உட்கருவைச் சுற்றியுள்ள பகுதி, தெளிவாக இருப்பதற்குப் பதில் நீலம் பாய்ந்திருக்கும். அங்கங்கே குமிழ் விட்டிருக்கும். கதிர்த் துகள்கள் பாதி காணாமல் போயிருக்கும், மிச்சம் இருப்பது ஒழுங்கற்ற உருண்டைகளாகத் திரண்டிருக்கும். உட்கரு இரண்டு மூன்று மடலாகப் பிரியாமல் வளைந்த பட்டை போலவே நிற்கும், எலும்பு மஜ்ஜை அவசரத்தில் முதிராத அணுக்களையும் வெளியே அனுப்பிவிட்டது என்று அர்த்தம். இதையெல்லாம் சேர்த்து நாங்கள் டாக்சிக் மாற்றம் என்போம். ஸ்மியரில் தொற்றைக் காட்டும் அடையாளங்களில் நான் அதிகம் நம்புவது இதைத்தான்.

இப்போது குறைக்கு வருவோம். துரித ஸ்டெயினில் ஹெட்டிரோஃபில் துகள்கள் மங்கலாக விழும். ரைட்-கீம்சாவில் ஒவ்வொரு கதிரையும் எண்ணிவிடலாம் போலிருக்கும், இதில் எல்லாம் சேர்ந்து ஒரே சிவந்த படலமாகப் போய்விடும். சில ஸ்லைடுகளில் துகள் கரைந்து வெற்றிடம் மாதிரித் தெரியும். அந்த வெற்றிடத்தைத் தொற்றின் குமிழ் என்று நினைத்தால் நல்ல குஞ்சுக்கும் மருந்து எழுதிவிடுவோம். பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. தொற்றினால் வந்த மாற்றம் என்றால் சைட்டோபிளாசம் நீலமாக இருக்கும், ஒரே ஸ்லைடில் மோசமான அணுவும் ஓரளவு நல்ல அணுவும் கலந்து கிடக்கும். சாயத்தின் கோளாறு என்றால் எல்லா ஹெட்டிரோஃபிலும் ஒரே மாதிரி வெளிறியிருக்கும், பின்னணி சுத்தமாக இருக்கும். ஒரு தேர்ந்த கண்ணுக்கு இது போதும். புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் போதாது. எங்கள் ஜூனியர், "மேடம், எல்லாமே டாக்சிக்கா இருக்கே?" என்று ஓடிவந்தால் நான் முதலில் கேட்பது, "முதல் ஜாடி மூடி எவ்வளவு நேரமா திறந்திருக்கு?" என்பதுதான்.

அந்த மூடி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குறிப்புத் தாள் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நீர் கலந்த மெத்தனாலில் முக்கிய ஸ்மியரில் சிவப்பணுக்களுக்குள் பளபளவென்று ஒளியைத் தெறிக்கும் ஓட்டைகள் தோன்றும், வெள்ளை அணுக்களின் விளிம்பு கலங்கிவிடும். ஸ்மியர் முழுதாகக் காயும் முன் முக்கினாலும் இதே கதிதான். மழைக்காலத்தில் ஜாடியில் ஊற்றி வைத்ததை அன்றன்றே கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவது நல்லது. மெத்தனால் விஷம், ஆவியை முகரக் கூடாது, அது தனி.

மூன்றாம் ஜாடியில் வரும் தொல்லை இதைவிடப் பெரியது. நீலச் சாயத்துக்குள் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். வளர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்: சுத்தமான ரத்த ஸ்மியரை அந்த ஜாடியில் முக்கினால், சாயத்திலிருந்த பாக்டீரியா ஸ்லைடில் ஒட்டிக்கொண்டு வரும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குஞ்சின் ரத்தம் முழுக்க பாக்டீரியா! செப்டிசீமியா, அதாவது ரத்தத்தில் தொற்று, என்று எழுதக் கை பரபரக்கும். நிஜத் தொற்று என்றால் சில பாக்டீரியாவாவது ஹெட்டிரோஃபிலுக்குள்ளோ மோனோசைட் என்ற வெள்ளை அணுவுக்குள்ளோ விழுங்கப்பட்டு இருக்க வேண்டும். எல்லாமே செல்களுக்கு மேலே, செல் இல்லாத காலி இடத்திலும் ஒரே சீராக, ஃபோகஸை லேசாகத் திருப்பினால்தான் தெரியும் தளத்தில் கிடந்தால் ஜாடியைச் சந்தேகப்படுங்கள். ரத்தமே இல்லாத வெற்று ஸ்லைடு ஒன்றை முக்கிப் பார்த்தால் விஷயம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். ரத்தத்துக்கு ஒரு ஜாடி வரிசை, கல்லீரல் ஒற்றுக்கும் (வெட்டிய முகத்தை ஸ்லைடில் தொட்டு எடுப்பது) குடல் சுரண்டலுக்கும் வேறு ஜாடி வரிசை என்று பிரித்து வைப்பது கட்டாயம். எச்சம் பட்ட ஸ்லைடை முக்கிய நீலத்தில் அப்புறம் ரத்தத்தை முக்கினால் அந்த ஸ்லைடுக்கு மதிப்பே இல்லை. கிட்டில் இந்த எச்சரிக்கை ஒரு வரிகூட இல்லாதது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

குறிப்புத் தாளில் இருக்கும் படங்கள் மனித ரத்தமும் நாய் ரத்தமும். கோழி ரத்தம் பார்க்கிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. கோழியின் சிவப்பணுவுக்கு உட்கரு உண்டு. ரத்தம் உறைய உதவும் திராம்போசைட்டுக்கும் உட்கரு உண்டு. இந்தத் திராம்போசைட்டும் சின்ன லிம்போசைட்டும் (இன்னொரு வகை வெள்ளை அணு) துரித ஸ்டெயினில் அசல் இரட்டைப் பிள்ளைகள். ரைட்-கீம்சாவில் இரண்டு சாயமும் சேர்ந்து ஒரே நேரத்தில் வேலை செய்வதால் உட்கருவின் உள்ளமைப்பு ஊதா நிறத்தில் நுணுக்கமாக விழும். இங்கே சிவப்பும் நீலமும் தனித்தனியாக ஏறுவதால் உட்கரு தட்டையாக, கட்டியாகத் தெரிகிறது. நான் பார்ப்பது சைட்டோபிளாசத்தை: நிறமற்றுத் தெளிவாக, ஒரு முனையில் ஒன்றிரண்டு சிவந்த புள்ளியோடு இருந்தால் திராம்போசைட், மெல்லிய நீல விளிம்பாக உட்கருவை ஒட்டியிருந்தால் லிம்போசைட். இந்தக் குழப்பத்தில் திராம்போசைட்டுகளை லிம்போசைட்டாக எண்ணிவிட்டால் விகிதம் முழுக்கத் தலைகீழாகிவிடும். திராம்போசைட்டும் சும்மா இருக்கிற அணு இல்லை. கோழியில் அதுவும் பாக்டீரியாவை விழுங்கும். ஆனாலும் வெள்ளை அணுக் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது.

விகிதம் என்றதும் ஹெட்டிரோஃபில்-லிம்போசைட் விகிதத்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். கிட்டை விற்க வந்தவர் இதைத்தான் பெரிதாகச் சொன்னார்: "நூறு செல் எண்ணுங்க, விகிதம் ஏறியிருந்தா இன்ஃபெக்ஷன்." அவ்வளவு சுலபமில்லை. அந்த விகிதத்தை 1983-இல் கிராஸும் சீகலும் முன்வைத்தது கோழியின் மன அழுத்தத்தை, அதாவது ஸ்ட்ரெஸை அளக்க. குஞ்சைப் பெட்டியில் அடைத்து நெடுந்தூரம் கொண்டுவந்தாலும், குளிரில் விட்டாலும், தண்ணீர் இல்லாமல் வைத்தாலும் கார்டிகோஸ்டிரோன் என்ற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறி விகிதமும் ஏறும். தொற்றுக்கும் ஏறும். எண்ணிக்கை மட்டும் பார்த்து எது என்று சொல்ல வழியில்லை. அணுவின் முகத்தைப் பார்க்க வேண்டும், அதனால்தான் டாக்சிக் மாற்றத்துக்கு அவ்வளவு இடம் கொடுத்து எழுதினேன்.

எண்ணிக்கையிலும் நூறு செல் போதாது. உண்மையில் 30 சதவீதம் ஹெட்டிரோஃபில் இருக்கும் ரத்தத்தில் நூறு செல் எண்ணினால், வெறும் தற்செயலாலேயே 21-லிருந்து 39 வரை எது வேண்டுமானாலும் வரலாம். இருநூறு எண்ணினால் அந்த வீச்சு சுமார் 24 முதல் 36 வரை சுருங்கும். ஸ்டெயின் போட மிச்சப்படுத்திய நேரத்தை எண்ணுவதில் செலவழியுங்கள். தானியங்கிக் கருவியில் போடலாமே என்பவர்களுக்கு: சாதாரண ரத்த எண்ணி, உட்கருவுள்ள சிவப்பணுவையும் திராம்போசைட்டையும் வெள்ளை அணு என்று எண்ணித் தள்ளிவிடும். கோழிக்கு இன்னும் கண்தான் கருவி.

வயதுக்கு வருகிறேன், சொல்ல வந்ததில் கனமான பகுதி இதுதான். முட்டையை விட்டு வந்த அன்று குஞ்சின் ரத்தத்தில் ஹெட்டிரோஃபில்தான் மேலோங்கி இருக்கும். போகப் போக லிம்போசைட் ஏறி, முதல் வாரத்துக்குள் நிலைமை மாறிவிடும். வளர்ந்த கோழியின் அட்டவணையை வைத்துக்கொண்டு ஒரு நாள் குஞ்சைப் பார்த்தால் ஒவ்வொரு குஞ்சும் நோயாளிதான். நீலம் தோய்ந்த இளம் சிவப்பணுக்களும் நிறைய தென்படும், அது ரத்தசோகை இல்லை, வயது.

அதைவிட முக்கியம், இந்த வயதில் ஹெட்டிரோஃபில் எண்ணிக்கையில் இருக்கும், வேலையில் இருக்காது. பாக்டீரியாவை விழுங்குவதும், விழுங்கியதைக் கொல்வதும் முதல் நாட்களில் மந்தம், வயது ஏற ஏறத்தான் கூடும். அமெரிக்க வேளாண் துறையில் மைக்கேல் கோகட்டும் அவரோடு வேலை செய்தவர்களும் 1990-களில் இதை நாள் கணக்கில் காட்டினார்கள். 5-ஃப்ளூரோயுராசில் என்ற மருந்தைக் கொடுத்து ஹெட்டிரோஃபிலை அழித்த குஞ்சுகளில் சால்மொனெல்லா என்டெரிடிடிஸ் உள்ளுறுப்புகளுக்குள் தாராளமாகப் பரவியதையும் அதே குழுதான் காட்டியது. அந்த அணு இல்லையென்றால் குஞ்சுக்குக் கதியில்லை, இருந்தாலும் முதல் வாரத்தில் அரைகுறைதான். பறவையின் நுரையீரல் பரப்பிலும் வயிற்று அறையிலும் காவலுக்கு நிரந்தரமாக இருக்கும் மேக்ரோஃபேஜ்கள் வேறு குறைவு. அதனால் எல்லாச் சுமையும் ரத்தத்திலிருந்து வரும் அணுக்கள் மேல் விழுகிறது. தாய்க்கோழி மஞ்சள் கரு வழியாகக் கொடுத்த ஐஜிஒய் எதிர்ப்பொருள்தான் அந்த நாட்களில் உதவி. அது பாக்டீரியாவைப் போர்த்திக் கொடுத்தால் ஹெட்டிரோஃபிலுக்குப் பிடிக்கச் சுலபம். மஞ்சள் கருப் பையிலேயே ஈ.கோலை புகுந்த குஞ்சுக்கு அந்தச் சாப்பாடும் இல்லை, அந்தப் பாதுகாப்பும் இல்லை.

இதெல்லாம் ஸ்டெயினில் தெரியுமா? தெரியாது. ஹெட்டிரோஃபில் அழகாகச் சிவந்து உட்கார்ந்திருக்கும், உள்ளே சுறுசுறுப்பு இருக்காது. ஒரு நாள் குஞ்சில் அணுக்கள் பார்க்க நன்றாக இருக்கின்றன என்பதை வைத்துத் தொற்று இல்லை என்று எழுதாதீர்கள். கல்லீரலையும் மஞ்சள் கருவையும் கல்ச்சருக்கு அனுப்புங்கள்.

ஸ்மியர் ஏமாற்றும் இன்னொரு இடம் சால்மொனெல்லா புல்லோரம். டைஃபிமூரியத்துக்கு இருப்பதுபோல் அதற்கு வால் கிடையாது. வாலின் ஃபிளாஜெல்லின் புரதத்தைப் பிடிக்கும் டிஎல்ஆர்-5 உணர்விக்கு அது சிக்காது. குடலில் பெரிய அழற்சியைக் கிளப்பாமல் நைசாக உள்ளே புகுந்து மேக்ரோஃபேஜுக்குள் குடியேறிவிடும். குடல் ஒற்று ஸ்லைடில் ஹெட்டிரோஃபில் கூட்டம் இல்லை என்பதால் குடலில் பாக்டீரியா இல்லை என்று முடிவு கட்ட முடியாது, வந்தது சத்தமில்லாமல் வந்திருக்கலாம்.

லிம்போசைட்டைப் பொறுத்தவரை இந்த கிட் கிட்டத்தட்ட பூஜ்யம். பி செல்லா, டி செல்லா என்று எந்தச் சாயமும் சொல்லாது. கோழியின் ரத்தத்தில் காமா-டெல்டா டி செல்கள் மனிதர்களைவிடப் பல மடங்கு அதிகம், அவற்றையும் இதில் பிரித்துப் பார்க்க முடியாது. அதற்கு பியு-1, சிடி3 மாதிரி செல் அடையாளங்களைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களும், செல்களை ஒவ்வொன்றாக வகைபிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியும் வேண்டும். பி செல் என்ற பெயரே கோழியின் ஃபேப்ரிஷியஸ் பர்சா என்ற பையிலிருந்து வந்தது, 1956-இல் புரூஸ் கிளிக் முதலானோர் அந்தப் பையை எடுத்துவிட்ட கோழிகளுக்கு எதிர்ப்பொருள் சுரக்காததை எழுதினார்கள். அப்படி வரலாறு இருக்கிற பறவைக்குப் பெட்டியில் ஒரு படம்கூடப் போடவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு.

கல்லீரல் ஒற்று ஸ்லைடுக்கு இந்த கிட்டை மனசாரச் சிபாரிசு செய்வேன். வெட்டிய முகத்தை வடிதாளில் நன்றாக ஒற்றி ரத்தத்தை எடுத்துவிட்டு ஸ்லைடில் மெதுவாகத் தொட்டால் போதும். ஹெட்டிரோஃபில் திரள், விழுங்கப்பட்ட தண்டு வடிவ பாக்டீரியா, சிதைந்த கல்லீரல் செல் எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். கிராம் பாசிட்டிவா நெகட்டிவா என்பது மட்டும் கிடைக்காது, இதில் எல்லா பாக்டீரியாவும் நீலம்தான். கிராம் ஸ்டெயினைத் தனியே போட்டுக்கொள்ளுங்கள்.

நான் பயன்படுத்தும் முறை இது. ரத்தத்தை ஹெப்பாரினில் (உறையாமல் தடுக்கும் மருந்து) எடுத்த ஸ்மியரை இந்த ஸ்டெயினில் போடுவதில்லை, பின்னணி நீலமாகிவிடும், வெள்ளை அணுக்களும் கட்டிக்கொள்ளும். குஞ்சின் கழுத்திலுள்ள வலது ஜுகுலர் சிரை (ரத்தக் குழாய்) இடதைவிடப் பெரியது, அதில் ஊசி போட்டு முனையிலிருந்து நேராக ஸ்லைடில் ஒரு சொட்டு. அழுத்தி இழுத்தால் செல்கள் உடைந்து வெறும் ஊதாக் கறைதான் மிஞ்சும் என்பதால் இழுப்பது லேசாக. மெத்தனாலில் தாளில் சொன்ன நேரத்தைவிடக் கூடுதலாகவே நிறுத்துவேன். சிவப்பில் சில முக்கு அதிகம், நீலத்தில் குறைவு. நீலம் அதிகமானால் டாக்சிக் நீலத்துக்கும் சாய நீலத்துக்கும் வித்தியாசம் போய்விடும். கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், காரத்தன்மை இருந்தால் சிவப்பு ஏறாது. பிஎச் 6.8 பஃபர் (அமில-காரத் தன்மை மாறாத கரைசல்) இருந்தால் துகள்கள் பிரமாதமாகத் தெரியும். சந்தேகமான ஸ்லைடுக்கு ஜோடியாக எடுத்து வைத்த இரண்டாவது ஸ்மியரை ரைட்-கீம்சாவில் போட்டு அதில்தான் எண்ணுவேன்.

பேக்கிங் பற்றி ஒரு புகார். கடைசியாக வந்த பெட்டியில் நீல பாட்டிலின் அடியில் வண்டல் கட்டியிருந்தது. வடிதாளில் வடிகட்டிய பிறகும் ஸ்லைடில் கரும்புள்ளிகள் வந்தன. அந்தப் புள்ளிகள் காக்கஸ் எனப்படும் உருண்டை பாக்டீரியா மாதிரியே இருந்து உயிரை வாங்கின. திருப்பி அனுப்பினோம், மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் அதற்குள் பல நாள் ஓடிவிட்டது. பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாக நீல பாட்டிலை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மூன்றில் நீலம்தான் சீக்கிரம் கெட்டுப்போகிறது, அதனால் மூன்றையும் சேர்த்தே விற்கிற கம்பெனியைவிட, நீலத்தைத் தனி ரீஃபில்லாகத் தருகிற கம்பெனியிடம் வாங்குவது லாபம்.